நல்ல குடித்தனம் நிலைக்க: ராயபுரம் வீட்டுக்காரர்களுக்குக் கைக்குறிப்புகள்

திருப்பூரில் ராயபுரம், காதர்பேட்டை பக்கம் ஒரே காம்பவுண்டுக்குள் நாலைந்து லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பங்கள் ஏராளம். பனியன் கம்பெனியை நம்பி ஊர் விட்டு ஊர் வந்தவங்கதான் நம்ம வீடுகளில் இருக்காங்க. வாடகையை எப்படி ஏத்தலாம் என்று யோசிப்பதைவிட, நல்ல குடித்தனத்தை எப்படி நிலைக்க வைக்கலாம் என்று யோசித்தால் கையில் காசு தங்கும். அதற்கு உதவும் சில விஷயங்கள் இதோ.

1. முதலில் ஒரு கணக்கு போடலாம். மாச வாடகை 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்க. 300 ரூபாய் ஏத்தினால் வருஷத்துக்கு 3,600 ரூபாய் கூட வரும். அதுக்காக மனசு கசந்து அவங்க காலி பண்ணி, வீடு ஒரே ஒரு மாசம் பூட்டிக் கிடந்தாலே 5,000 ரூபாய் போச்சு. வெள்ளையடிக்கிற கூலியும் புரோக்கர் கமிஷனும் தனி. ஏத்தும் முன்னால் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பாருங்க.

2. ஆடியிலும் மார்கழியிலும் நம்ம ஜனங்க வீடு மாத்த மாட்டாங்க. அதனால் வைகாசியிலேயே "பிள்ளைங்களுக்கு இதே ஸ்கூல்தானுங்களா, வேற எங்காவது சேர்க்கிறீங்களா" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைங்க. காலி பண்ணப் போறாங்க என்று தெரிந்து, ஆனி முடிவதற்குள் அடுத்த ஆள் அமைந்துவிட்டால் ஜூலை நடுவிலிருந்து ஒரு மாச வாடகை வீணாகாது.

3. அப்படியும் ஆடியில் காலியாகிவிட்டால், அந்த மாசத்தையே பைப் வேலைக்கும் வெள்ளையடிக்கவும் ஒதுக்கிடுங்க. ஆவணி பிறந்ததும் வீடு பார்க்க வருகிறவங்க கண்ணுக்கு வீடு பளிச்சென்று இருக்கும். வெளி மாநிலத்துப் பையன்கள் ஆடி பார்ப்பதில்லை என்பதையும் ஞாபகம் வைங்க.

4. கம்பெனியில் சம்பளம் கைக்கு வருவது சனிக்கிழமை. ஒண்ணாம் தேதி வாடகை கேட்டால் அவங்க கடன் வாங்கித்தான் தரணும். மாசத்தின் முதல் சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிறு என்று பேசி வைத்துக்கொண்டால், கேட்கப் போக வேண்டிய வேலையே இருக்காது. முழுசாகத் தர முடியாதவங்களுக்கு இரண்டு ஞாயிறுகளில் பாதிப் பாதியாக வாங்கிக்கங்க.

5. ஆர்டர் குறைந்தால் ஷிப்ட் குறையும், ஷிப்ட் குறைந்தால் வாடகை தாமதமாகும். 2011-ல் ஐகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடினபோதும், 2020 ஊரடங்கிலும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் இந்த ஊர் அதைப் பார்த்திருக்கு. ஒன்றரை ஷிப்ட் பார்த்தவங்க ஒரு ஷிப்டுக்கு இறங்கினால் வீட்டுச் செலவில் எவ்வளவு துண்டு விழும் என்று நமக்கே தெரியும். அந்த மாதிரி மாசங்களில் பாக்கியை நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, வேலை சூடு பிடித்ததும் வாரம் இவ்வளவு என்று பிரித்து வாங்குங்க. கஷ்ட காலத்தில் விட்டுக்கொடுத்த வீட்டுக்காரரை நல்ல குடும்பம் லேசில் விட்டுப் போகாது.

6. வாய்ப்பேச்சோடு வீட்டை விடாதீங்க. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யணும். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், பக்கத்து இ-சேவை மையத்தில் கேட்டால் வழி சொல்லுவாங்க. வாடகை, அட்வான்ஸ், தண்ணிக் காசு, கரண்ட் கணக்கு, எத்தனை பேர் குடியிருப்பாங்க, காலி பண்ண எத்தனை மாசம் முன்னால் சொல்லணும் என்ற ஆறும் அதில் இருந்தால் பாதிச் சண்டை வராது.

7. அட்வான்ஸ் மூணு மாச வாடகை என்பதுதான் சட்டம் சொல்லும் பொது அளவு. அதுக்கு மேல் வேணும்னா ஒப்பந்தத்திலேயே எழுதி ஒத்துக்கொண்டிருக்கணும். நம்ம ஊருக்கு வருகிற குடும்பத்துக்கு மொத்தமாக அட்வான்ஸ் புரட்டுவதுதான் பெரிய பாரம். குறைவாகக் கேட்கிற வீட்டுக்குத்தான் நல்ல ஆட்கள் சீக்கிரம் வருவாங்க.

8. வாங்கின அட்வான்ஸைச் செலவு பண்ணாதீங்க. போஸ்ட் ஆபீசிலோ பேங்கிலோ தனிக் கணக்கில் போட்டு வைங்க. காலி பண்ணுகிற அன்றைக்குச் சாவியை வாங்கிக்கொண்டே பணத்தைக் கொடுத்தால், அவங்களே அடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு வருவாங்க.

9. குடிவரும் அன்றைக்கே வீட்டை மூலை முடுக்கெல்லாம் போனில் வீடியோ எடுத்து, அதை அவங்க வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிடுங்க. கதவு, ஜன்னல் கண்ணாடி, சுவிட்ச், குழாய், இபி மீட்டர் ரீடிங் எல்லாம் தெரியணும். போகும்போது "இது முன்னாலேயே உடைந்திருந்ததுங்க" என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

10. எந்த ரிப்பேர் யாருடையது என்பதைச் சட்டமே பிரித்து வைத்திருக்கு. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, பைப் லைன் மாத்துவது, வயரிங் எல்லாம் நம்ம பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், சாக்கடை அடைப்பு எடுப்பது குடியிருக்கிறவங்க பொறுப்பு. இதை ஒரு தாளில் எழுதி ஒப்பந்தத்தோடு பின் பண்ணிடுங்க.

11. சட்டம் அப்படிப் பிரித்துச் சொன்னாலும், வாஷர் மாதிரிச் சின்ன வேலைகளை நாமே பண்ணிக் கொடுத்துவிடுவது லாபம். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரே நாளில் ஒரு குடத்துக்கு மேல் தண்ணி போகும், அந்தத் தண்ணியை ஏத்த ஓடுவதும் நம்ம மோட்டார்தான். ஒரு டப்பாவில் வாஷர், டெஃப்ளான் டேப், இரண்டு குழாய், ஒரு சுவிட்ச், ஸ்க்ரூ டிரைவர் போட்டு வைத்தால் ஞாயிற்றுக்கிழமை பிளம்பரைத் தேடி அலைய வேண்டாம்.

12. எல்லா வீட்டுக்கும் ஒரே கம்பெனி குழாய், ஒரே மாடல் சுவிட்ச், ஒரே அளவு பூட்டு வாங்குங்க. ஒரு வீட்டில் கழட்டினது இன்னொரு வீட்டுக்குப் பொருந்தும். மொத்தமாக வாங்கும்போது கடைக்காரரும் விலையைக் குறைப்பார்.

13. ஒரு குடும்பம் காலி பண்ணினால் அந்த வீட்டுப் பூட்டை மாத்திடுங்க. பழைய சாவி யாரிடம் இருந்தாலும் கவலையில்லை.

14. பெயின்ட் எல்லா வீட்டுக்கும் ஒரே நிறம்தான். நிறத்தின் கோடு நம்பரைப் பெயின்ட் டப்பா மூடியிலிருந்து எடுத்து நோட்டில் எழுதுங்க. மிஞ்சின பெயின்டை இறுக மூடி வைத்தால் கறை பட்ட இடத்தில் மட்டும் தொட்டுக்கொள்ளலாம். சுவரில் கீழிருந்து நாலடிக்கு ஆயில் பெயின்ட் அடித்துவிட்டால் குழந்தைங்க கிறுக்கினதும் எண்ணெய்க் கையும் ஈரத் துணியிலேயே போயிடும்.

15. ஆணி அடிக்காதீங்க என்று சொல்லிச் சொல்லி யாருக்கும் பலன் கிடைத்ததில்லை. அறைக்கு ஒரு சுவரில் நீளமான மரப்பட்டியைத் திருகி, அதில் பத்துக் கொக்கி மாட்டிக் கொடுத்திடுங்க. சாமி படம், காலண்டர், பள்ளிக்கூடப் பை எல்லாம் அதிலேயே தொங்கும், சுவர் தப்பிக்கும்.

16. பெயின்ட் துடைக்க, டேங்க் கழுவ, குழாய் தேய்க்க எதுக்கும் கடையில் துணி வாங்காதீங்க. நம்ம ஊரில் கிடைக்கிற வெள்ளை பனியன் வேஸ்ட் ஒரு கிலோ வாங்கி வைத்தால் மாசக் கணக்கில் வரும். தண்ணியை நல்லா உறிஞ்சும், தரையில் கீறலும் விழாது.

17. போர் தண்ணி உப்பாக இருப்பதால் குழாயெல்லாம் வெள்ளை பூத்துடும். வினிகரில் நனைத்த பனியன் வேஸ்டைக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் கட்டி வைத்து, பிறகு தேய்த்தால் விட்டுடும். புதுசாக மாத்தும்போது உப்புத் தண்ணி லைனுக்குப் பளபளப்பான இரும்புக் குழாயை விட நல்ல தரமான பிளாஸ்டிக் குழாய் போதும், அரித்துப் போகாது.

18. தண்ணி விஷயத்தில்தான் காம்பவுண்டுச் சண்டை எல்லாம் தொடங்குது. கார்ப்பரேஷன் நல்ல தண்ணி வருகிற நேரத்தில் பாதிப் பேர் கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாங்க. வீட்டில் ஆள் இருக்கிறவங்க மட்டும் பிடித்துக்குவாங்க. சின்னத் தொட்டி ஒன்று கட்டி, நல்ல தண்ணி தானாக அதில் விழுந்து நிறைகிற மாதிரி மிதவை வால்வு போட்டுடுங்க. ராத்திரி எல்லாரும் வந்த பிறகு வீட்டுக்கு இத்தனை குடம் என்று பிடித்துக்கொள்ளட்டும். கட்டுகிற செலவு ஒரு தடவைதான். அதுக்குப் பிறகு ஒருத்தரும் தண்ணிக்காக வீடு மாத்த மாட்டாங்க.

19. உப்புத் தண்ணி மோட்டாரைக் காலையில் ஆறு மணிக்குள்ளேயும், ராத்திரி எட்டரை மணி ஷிப்ட் விட்டு வந்த பிறகும் போடுங்க. நடுப்பகலில் டேங்க் நிறைந்து கிடந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? டைமர் சுவிட்ச் ஒன்று மாட்டிவிட்டால் நீங்களும் ஓட வேண்டாம்.

20. துவைக்கிற கல்லுக்குக் கீழே தண்ணி போகும் வழியில் பழைய கொசுவலைத் துண்டை இரண்டாக மடித்துக் கட்டுங்க. தையல், செக்கிங் வேலைக்குப் போகிறவங்க துணியில் ஒட்டி வருகிற பஞ்சுதான் நம்ம ஊரில் சாக்கடையை அடைக்கிற முதல் எதிரி. வாரம் ஒரு தடவை வலையை உதறினால் போதும்.

21. கக்கூஸில் துணித் துண்டு, நாப்கின் போடக் கூடாது என்பதைச் சொல்லிவிட்டு, கூடவே மூடி போட்ட ஒரு குப்பைக் கூடையையும் வைங்க. கூடை இல்லாமல் சட்டம் மட்டும் போட்டால் பைப்புதான் அடைபடும்.

22. செப்டிக் டேங்க் நிறைந்தால் ஆளை இறக்கவே இறக்காதீங்க, அவரே "இறங்குறேனுங்க" என்று சொன்னாலும் சரி. உள்ளே இருக்கும் விஷவாயு மூச்சு விடும் நேரத்தில் உயிரை எடுத்துடும். 2013-ம் வருஷத்துச் சட்டப்படி இறக்கினவர் மேல் வழக்கும் வரும். 14420 என்ற இலவச எண்ணுக்குப் போன் பண்ணினால் உறிஞ்சு லாரிக்கு வழி கிடைக்கும். நாலு வீட்டுக்குப் பங்கு போட்டால் அந்தச் செலவு பெரிசே இல்லை.

23. முடிந்தவரை வீட்டுக்கு ஒரு இபி மீட்டர் வாங்கிடுங்க. 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாசத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மூணு குடும்பம் ஒரே மீட்டரில் ஓடினால் அந்தச் சலுகை ஒரு தடவைதான் கிடைக்கும். அதோட மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுக்கும் கூடுதல் ரேட் விழும். தனி வாசலும் தனிச் சமையலறையும் இருக்கிற வீடென்றால் தனி இணைப்புக்கு எழுதிக் கொடுங்க.

24. சப் மீட்டர்தான் வழி என்றால், பில்லைக் காட்டி, வந்த தொகையை யூனிட் கணக்கில் பிரித்து வாங்குங்க. யூனிட்டுக்கு இஷ்டப்பட்ட ரேட் போட்டு கரண்டில் லாபம் பார்ப்பது நியாயமில்லை. வாடகை நியாயமாக இருந்தும் கரண்ட் காசுக்காகவே காலி பண்ணின குடும்பங்கள் நிறைய.

25. வாடகை பாக்கி என்று கரண்டையோ தண்ணியையோ நிறுத்தாதீங்க. சட்டப்படி அது குற்றம். வீட்டில் கைக்குழந்தை இருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்க. பேசித் தீரவில்லை என்றால் வாடகை நீதிமன்றத்தில் மனு கொடுப்பதுதான் முறை.

26. கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் ஈஎல்சிபி ஒன்றை லைனுக்குக் கட்டாயம் மாட்டுங்க. துவைக்கிற இடமும் சுவிட்ச் போர்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற வீடுகள் நம்மிடம் ஜாஸ்தி. மாசம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க.

27. வீட்டில் பவர் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தைக்கிறோம் என்று கேட்டால், உடனே தலையாட்டாமல் இபி ஆபீசில் விசாரித்த பிறகு சரி சொல்லுங்க. வீட்டு இணைப்பில் தொழில் நடந்தால் அபராதம் நம்ம பெயருக்குத்தான் வரும். பீஸ் மூட்டைகளை அடுப்பங்கரையில் அடுக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்லிடுங்க.

28. தனியாக வந்து தங்கும் பையன்களுக்கு அஞ்சு கிலோ சின்ன கேஸ் சிலிண்டரைப் பற்றிச் சொல்லுங்க. அடையாளச் சான்று மட்டும் காட்டினாலே கேஸ் ஏஜென்சியில் கொடுப்பாங்க; தெருவில் திருட்டுத்தனமாக நிரப்பும் சிலிண்டர் காம்பவுண்டுக்குள் வராது. ரப்பர் டியூப் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், டியூப் மேலேயே வருஷம் போட்டிருக்கும்.

29. ஆதார் நகல் வாங்கும்போது அதன் குறுக்கே "வீட்டு வாடகைக்காக மட்டும்" என்று எழுதித் தேதி போடச் சொல்லுங்க. அவங்களுக்கும் நம்பிக்கை வரும். அந்த நகலோடு கம்பெனி ஐடி கார்டு, சொந்த ஊரில் ஒருத்தர் போன் நம்பர் இரண்டையும் வாங்கி, விவரத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து வைத்துடுங்க.

30. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் என்பதற்காகக் கூடுதல் வாடகை கேட்காதீங்க, ஒரே ரூமில் பத்துப் பேரையும் அடைக்காதீங்க. ஆள் கூடினால் தண்ணி, கக்கூஸ், சுவர் எல்லாமே பாழாகி, வந்த காசு ரிப்பேரில் போயிடும். 2023 மார்ச்சில் போலி வீடியோ பரவி வெளி மாநிலத்துக்காரங்க பயந்து போனபோது, பீகார் அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து பேசிப் போச்சு. அந்த மாதிரி நேரத்தில் அவங்க முதலில் பார்ப்பது வீட்டுக்காரர் முகத்தைத்தான். போய் ஒரு வார்த்தை தைரியம் சொல்லுங்க.

31. குப்பை, தண்ணி நேரம், மோட்டார் எல்லாம் தமிழிலும் இந்தியிலும் ஒரே அட்டையில் எழுதி வாசலில் மாட்டுங்க. இந்தி எழுத வேண்டியதைக் குடியிருக்கிற பையனிடமே கேட்டால் சந்தோஷமாக எழுதித் தருவான். பக்கத்தில் சின்னப் படம் வரைந்துவிட்டால் படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும்.

32. ரேஷனுக்காக ஊருக்குப் போய் வருகிறவங்க இருந்தால், இங்கேயே வாங்கலாம் என்று சொல்லுங்க. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாடும் இருக்கு. மாசம் ஒரு பஸ் செலவு மிச்சமானால் அது வாடகைக்கு உதவும்.

33. ராத்திரி பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டும் பழக்கம் ஷிப்ட் ஊருக்கு ஒத்து வராது. ஏற்றுமதி ஆர்டர் முடிக்கும் சமயத்தில் பெண்பிள்ளைங்ககூட விடியற்காலை வருவாங்க. வீட்டுக்கு ஒரு கேட் சாவி கொடுத்து, நடைபாதையில் ஒரு எல்ஈடி பல்பை விடியும் வரை எரிய விடுங்க.

34. புரோக்கரை நம்புவதைவிட, இருக்கிற குடித்தனத்திடம் சொல்லுங்க. ஆள் கூட்டி வருகிறவங்களுக்கு ஒரு மாச வாடகையில் 500 ரூபாய் குறைத்துக்கொண்டால் கமிஷனை விட எவ்வளவோ மிச்சம். தங்களுக்குப் பக்கத்திலேயே குடிவரப் போகிறவங்க என்பதால் நல்லவங்களாகப் பார்த்துத்தான் கூட்டி வருவாங்க.

35. சொத்து வரியை ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் அந்த அரையாண்டுக்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும், உச்சம் 5,000 ரூபாய். ரசீதைத் தூக்கிப் போடாதீங்க. வருமான வரிக் கணக்கில் வாடகையிலிருந்து கட்டின சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கு என்று தள்ளுபடி எடுக்கலாம். அதுக்குத் தனியாகப் பில் காட்ட வேண்டாம்.

36. வாடகை ஏத்தியே ஆகணும்னா மூணு மாசம் முன்னால் எழுத்தில் சொல்லுங்க, சட்டமும் அதைத்தான் சொல்லுது. தீபாவளி போனஸுக்கு முன்னால் சொல்லிவிட்டு தைக்குப் பிறகு ஏத்தினால் யாருக்கும் சுமையாகத் தெரியாது. ஏத்துகிற மாசம் ஏதாவது ஒரு வேலை செய்து கொடுங்க. ஒரு ஃபேன், ஒரு கொசுவலை ஜன்னல் போதும்.

37. வீட்டைப் பார்க்கப் போவதென்றால் ஒரு நாள் முன்னாலேயே சொல்லிடுங்க. சொல்லாமல் போய்க் கதவைத் தட்டினால் குளிக்கிற பிள்ளைங்க, தூங்குகிற நைட் ஷிப்ட் ஆட்கள் எல்லாருக்கும் சங்கடம். ஞாயிறு பதினோரு மணி நல்ல நேரம்.

38. டெங்குக் கொசு நல்ல தண்ணியில்தான் முட்டை போடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துடும். அதனால் வாரம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை, டிரம்மையும் தொட்டியையும் கவிழ்த்து உள்பக்கம் தேய்த்துக் காய வைக்கச் சொல்லுங்க. டேங்க் மூடி உடைந்திருந்தால் பழைய பனியன் துணியை இழுத்துக் கட்டினாலே தற்காலிகமாகத் தாங்கும்.

39. தீபாவளிக்கு முன்னால் ஊரே காலியாகும். கிளம்புகிற அன்றைக்கு மெயின் சுவிட்ச், கேஸ் ரெகுலேட்டர், குழாய் மூணையும் மூடினாங்களா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுடுங்க; என்றைக்குத் திரும்புவாங்க என்பதை நோட்டில் குறித்துக்கங்க. டேங்க் கழுவவும் நடைபாதைக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் வருஷத்திலேயே தோதான வாரம் அதுதான். யாராவது திரும்பி வரத் தாமதமானால் உடனே போன் பண்ணிக் கேளுங்க. வேற ஊரிலேயே வேலை அமைந்துவிட்டது என்று தெரிந்தால், மார்கழி வருவதற்குள் கார்த்திகையிலேயே அடுத்த குடும்பத்தைக் கொண்டு வந்துடலாம்.